கச்சேரி முடிந்து வண்டியை எடுக்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஊர் ஊராகப் போய் வாசிக்கும் இசைக்குழுக்களைப் பற்றிப் பேச்சு வந்தால், பாதிப் பாட்டில் கிட்டார் கம்பி அறுந்தது, பாடகருக்குத் தொண்டை கட்டியது, மைக் ஊமையாகிப் போனது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கேட்க வந்தவர்கள் கண்ணில் படுவது அவ்வளவுதான். அவற்றால் கெடுவது ஒரு பாட்டு, மிஞ்சினால் ஒரு மாலை. ஆளையே கொண்டுபோகக் கூடியவை இந்தத் தொழிலில் இரண்டு: ஒன்று மேடைக்கு வரும் மின்சாரம், இன்னொன்று எல்லாம் முடிந்து நள்ளிரவில் ஓட்டும் வண்டி. இரண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடலாம். புதிதாக மேடை ஏறும் பிள்ளைகளும், அவர்களை அழைத்து நிகழ்ச்சி நடத்துபவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். இடம் ஒதுக்கினால் நன்றி.

முதலில் மின்சாரம். 1972 மே மாதம், 'ஸ்டோன் த க்ரோஸ்' என்ற ராக் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில் ரசிகர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேடையில் மின்சாரம் தாக்கி இறந்தார். எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதுதான் காரணம். ஐம்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அதே ஆபத்து இன்றும் ஏதாவது ஒரு மேடையில் காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் தடுக்க முடியும். எலக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் (கம்பிகளை உடலில் தாங்கும் பகுதி) வழியாகவும், கேபிளின் மேலுறைக் கம்பி வழியாகவும் ஆம்பின் (ஓசையைப் பெருக்கும் பெட்டி) எர்த்தோடு சேர்ந்திருக்கும். மைக்கின் உலோக வலை, மைக் கேபிள் வழியாக மிக்சரின் (எல்லா ஓசையையும் கலக்கும் கருவி) எர்த்தோடு சேர்ந்திருக்கும். ஆம்புக்கு ஒரு பக்கத்திலிருந்து கரண்ட், மிக்சருக்கு வேறு பக்கத்திலிருந்து கரண்ட். இரண்டில் ஒன்றில் எர்த் அறுந்து, உள்ளே கசிவும் இருந்தால், அந்தக் கருவியின் உடல் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். தனியாகத் தொடும்போது பல நேரம் ஒன்றும் தெரியாது. விரல் கம்பியில் இருக்க, உதடு மைக்கில் படும் அந்த நொடியில் இரண்டுக்கும் நடுவே பாலமாவது பாடுபவரின் உடம்புதான். ஈர உதடு, வியர்த்த கை, நடுவில் இதயம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஏ.சி. வோல்ட்டில், மிக உயர்ந்த அளவில் வையுங்கள். ஆம்ப், மிக்சர் எல்லாம் ஆன் ஆகி இருக்க வேண்டும். ஒரு முனையைக் கிட்டார் கம்பியில் வையுங்கள்; மறு முனையை மைக்கின் வலையில் வையுங்கள். கை உலோகத்தில் படக்கூடாது. பெயின்ட் பூசிய வலையில் மீட்டர் பொய் சொல்லும். பெயின்ட் போன இடமாகப் பார்த்துக் குத்திப் பிடியுங்கள். ஓரிரு வோல்ட்டுக்குள் காட்டினால் சரி. பத்து, இருபது, ஐம்பது என்று காட்டினால் அந்த மைக்குக்கு முன்னால் யாரும் நிற்கக்கூடாது. சில சமயம் டிஜிட்டல் மீட்டர் தீங்கற்ற கசிவையும் பெரிய எண்ணாகக் காட்டும், உண்மைதான். அது தீங்கற்றதா இல்லையா என்று மேடையில் நின்று ஊகிப்பது நம் வேலை இல்லை. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துச் சரி என்று சொல்லும் வரை தொடாதீர்கள். மைக் எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் இப்படிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகாது.

அதற்கும் முன்னால் சாக்கெட்டைப் பார்க்க வேண்டும். 230 வோல்ட் வழங்கும் இடங்களில் லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 207 முதல் 253 வரை இருக்கலாம். லைனுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய அதே எண் வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட். லைன்–எர்த் எண் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தால் அங்கே எர்த்தே இல்லை என்று அர்த்தம். ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். எர்த் இல்லாத இடங்களில் சிலர் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிடுவார்கள். மீட்டர் வைத்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும். எங்கோ லைனும் நியூட்ரலும் மாறிவிட்டால் ஆம்பின் உடல் முழுவதும் 230 வோல்ட் நிற்கும். சாக்கெட் சரி என்று வந்த பிறகும் கம்பிக்கும் மைக்குக்கும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஜெனரேட்டரோ மூன்று பேஸ் (மும்முனை) இணைப்போ இருந்தால் இன்னொரு ஆபத்து: நியூட்ரல் கழன்றுபோவது. அப்படி ஆனால் ஒரு சாக்கெட்டில் 120 வோல்ட் இருக்கும், பக்கத்துச் சாக்கெட்டில் 300-ஐத் தாண்டும். மோசமான நிலையில் 400 வரைகூடப் போகும். கீபோர்டு, மிக்சர், லேப்டாப் சார்ஜர் எல்லாம் ஒரே நொடியில் கருகிவிடும். அதனால் வெறும் லைனில் அளந்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். மேடை விளக்குகள் எல்லாவற்றையும் எரியவிட்டு, சுமை ஏறிய பிறகு மீண்டும் அளங்கள். அதுவரை உங்கள் பிளக் எதையும் செருக வேண்டாம். விளக்குக்கும் சவுண்டுக்கும் தனித்தனி பேஸ் கேட்டு வாங்குங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் போடும் இரைச்சல் ஸ்பீக்கரில் வருவதும் அதனால் குறையும்.

ஸ்பீக்கரில் 'ஹம்' என்ற ரீங்காரம் வருகிறது என்று எர்த் பின்னை உடைப்பது, அதில் டேப் சுற்றுவது, மூன்று பின் பிளக்கை இரண்டு பின் சாக்கெட்டில் மாட்டுவது, இவற்றை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். மன்றாடிக் கேட்கிறோம். ஹம் போகும், பாதுகாப்பும் சேர்ந்து போகும். ஹம்முக்கு மருந்து டி.ஐ. பாக்ஸில் (கருவிக்கும் மிக்சருக்கும் நடுவே மாட்டும் சின்னப் பெட்டி) இருக்கும் 'கிரவுண்ட் லிஃப்ட்' பட்டன். அது சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கும். கரண்டின் எர்த்தைத் தொடாது. இன்னும் நல்லது, மேடையில் வாசிப்பவர்களின் கருவிகளுக்கும் மிக்சருக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுப்பது. பெரும்பாலான ஹம் அதிலேயே அடங்கிவிடும்.

ஒவ்வொரு குழுவும் தனக்கென்று 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கசிவைக் கண்டதும் கரண்டை வெட்டும் ஸ்விட்ச்) பொருத்திய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். கரண்ட் ஆளின் வழியாகத் தரைக்கு ஓடினால், இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும் முன்பே அது இணைப்பைத் துண்டித்துவிடும். ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அது வெறும் பெட்டி. லைனையும் நியூட்ரலையும் சேர்த்துத் தொட்டால் அது காப்பாற்றாது என்பதையும் நினைவில் வையுங்கள். உருளையில் சுற்றி வரும் நீள வயரை முழுவதும் அவிழ்த்துவிட்டுத்தான் சுமை ஏற்ற வேண்டும். சுற்றியபடியே விட்டால் சூடு வெளியேற வழி இல்லாமல் உள்சுற்றுகள் உருகி ஒட்டிக்கொள்ளும். 6 ஆம்பியர் சாக்கெட் 230 வோல்ட்டில் தாங்குவது 1,380 வாட்தான். ஹேலஜன் விளக்கு இரண்டையும் ஆம்பையும் அதிலேயே மாட்டினால் பியூஸ் போவது சாக்கெட்டின் குற்றமில்லை.

கரண்ட் போனால் முதலில் பவர் ஆம்பை அணையுங்கள், பிறகு மிக்சரை. திரும்பி வந்ததும் ஒரு நிமிடம் பொறுத்து, அளந்து பார்த்து, மிக்சரை முதலிலும் பவர் ஆம்பைக் கடைசியிலும் போடுங்கள். இந்த வரிசை தப்பினால் வரும் 'டப்' சத்தத்தில் ஸ்பீக்கர் சுருள் போய்விடும்.

இனி கச்சேரியை மட்டும் கெடுப்பவை. அடாப்டரில் தொடங்கலாம். கீபோர்டையும் எஃபெக்ட் பெடலையும் சாகடிப்பதில் இதற்குத்தான் முதலிடம். அடாப்டரின் மேல் ஒரு சின்ன வட்டப் படம் இருக்கும்: நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றிப் பாதி வளையம், இரண்டு பக்கமும் பிளஸ், மைனஸ் குறி. புள்ளியோடு சேர்ந்த குறி எதுவோ அதுதான் பிளக்கின் நடு முனை. கிட்டார் பெடல்களில் பெரும்பாலானவை நடு முனை மைனஸ், 9 வோல்ட். கீபோர்டுகளில் நடு முனை பிளஸாக இருப்பவை நிறைய. பிளக் இரண்டுக்கும் ஒரே அளவு; பொருந்தும், புகையும். வோல்ட் சரியாக இருக்க வேண்டும், குறி சரியாக இருக்க வேண்டும், மில்லி ஆம்பியர் தேவைக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். வெளிநாடு போனால் 'உள்ளீடு 100–240 வோல்ட்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 230 என்று மட்டும் இருந்தால் பிளக் மாற்றியால் பயனில்லை. ஒவ்வொரு அடாப்டரிலும் அது எந்தக் கருவிக்கு உரியது என்று ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி எழுதிவிட்டால் இந்தத் தொல்லை வாழ்நாளுக்கும் இல்லை.

கீபோர்டில் இன்னும் இரண்டு கண்ணிகள். முந்தைய கச்சேரியில் பாடகருக்காக டிரான்ஸ்போஸ் பட்டனில் ஒரு கட்டை ஏற்றியிருப்பார்கள், இறக்க மறந்திருப்பார்கள். முதல் பாட்டின் முதல் கார்டிலேயே குழு முழுவதும் ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம். வாசிப்பவருக்குத் தன் விரல் தப்பில்லை என்று தெரியும். அதனால்தான் காரணம் பிடிபட நேரமாகும். இரண்டாவது, மிதித்தால் ஓசையை நீளச் செய்யும் சஸ்டெய்ன் பெடல். பல கீபோர்டுகள் ஆன் ஆகும் நேரத்தில் பெடல் இருக்கும் நிலையையே 'மிதிக்காத நிலை' என்று எடுத்துக்கொள்ளும். காலை வைத்தபடி ஸ்விட்ச் போட்டால் அன்று முழுவதும் தலைகீழ்: மிதித்தால் ஓசை அறும், விட்டால் நீளும். அணைத்து, காலை எடுத்து, மறுபடி போட்டால் சரியாகிவிடும்.

லேப்டாப்பில் டிராக் (முன்பே பதிவு செய்த இசை) ஓட்டுபவர்களுக்கு: 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (நொடிக்கு எத்தனை முறை ஓசையை அளந்து பதிவது என்ற கணக்கு) பதிவான ஃபைலை, 48-க்கு வைத்த கருவி ஓட்டினால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறும், வேகமும் நூற்றுக்கு ஒன்பது கூடும். 'ஏதோ சரியில்லை' என்று எல்லோருக்கும் தோன்றும், யாருக்கும் இன்னது என்று சொல்ல வராது. சவுண்ட் செக்கில் முதல் வேலையாக ஒரு டிராக்கை ஓட்டி டியூனரில் சுருதி பாருங்கள். அந்த டியூனரும் 440 ஹெர்ட்ஸில் நிற்கிறதா, யாராவது கை பட்டு 442-க்குப் போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இணையத்தைத் துண்டியுங்கள். தானியங்கி அப்டேட்டை நிறுத்துங்கள். இணையம் இல்லாமலும் மென்பொருள் திறக்கிறதா என்பதை வீட்டிலேயே சோதியுங்கள். மேடையில் உரிமம் கேட்டு நின்றால் யாரும் உதவ முடியாது.

அக்கூஸ்டிக் கிட்டாருக்குள் பிரிஆம்ப் (ஓசையை முதலில் பெருக்கும் சின்னச் சுற்று) இருந்தால் அதன் 9 வோல்ட் பேட்டரிக்கு ஸ்விட்ச் தனியாகக் கிடையாது. ஜாக் செருகியதும் அதன் நடுவளையம் தொட்டு பேட்டரி ஆன் ஆகும். மதியம் சவுண்ட் செக் முடித்து, கேபிளைக் கழற்றாமல் கிட்டாரை ஸ்டாண்டில் வைத்துவிட்டு எல்லோரும் ஓய்வெடுக்கப் போய்விடுவார்கள். பேட்டரி அத்தனை நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் ஓசை கரகரக்கும், பிறகு மெலியும், பிறகு போய்விடும். கழற்றி வைப்பது ஒரு நொடி வேலை.

கம்பி எங்கே அறுகிறது என்று பாருங்கள். அதுவே காரணத்தைச் சொல்லிவிடும். பிரிட்ஜ் மேல் அறுந்தால் அங்கே உலோகத்தில் பிசிறு இருக்கிறது, மெல்லிய எமரி தாளால் தேய்த்தால் போகும். நட்டில் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பதியும் பட்டை) அறுந்தால் பள்ளம் இறுக்கமாக இருக்கிறது. பென்சில் கரியைத் தடவினால் வழுக்கும். திருகாணியில் அறுந்தால் மாட்டும்போது கம்பி மடங்கியிருக்கிறது. புதுக் கம்பியைக் கச்சேரிக்கு முந்தின நாளே மாட்டி, இழுத்து இழுத்துச் சுருதி நிற்கும் வரை விடுங்கள். மேடை ஏறும் முன் மாட்டினால் இரண்டு பாட்டுக்கு ஒரு முறை இறங்கும். மிதக்கும் பிரிட்ஜ் கொண்ட கிட்டாரில் ஒன்று அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி மாறிவிடும். அவ்வகைக் கிட்டார் வைத்திருப்பவர் இரண்டாவது கிட்டார் இல்லாமல் மேடை ஏறக்கூடாது.

கேபிள் போவது பெரும்பாலும் ஜாக்கின் கழுத்தில். செருகிய நிலையில் கழுத்தை மெல்ல ஆட்டிப் பாருங்கள். கரகரத்தால் அன்றே தனியாக வையுங்கள், 'இன்று ஒரு நாள் ஓட்டிக்கொள்ளலாம்' என்று திரும்பப் பையில் போடாதீர்கள். முழங்கையில் சுற்றுவது உள்கம்பியை முறுக்கும். ஒரு சுற்று நேராக, அடுத்தது உட்புறமாக மாற்றிச் சுற்றிப் பழகினால் வீசும்போது முடிச்சில்லாமல் விரியும், வருடங்களும் தாங்கும். கிட்டார் கேபிளின் நீளம் ஆறு மீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போகப் போகத் தெளிவு குறையும். தூரம் வேண்டுமென்றால் டி.ஐ. பாக்ஸ் போட்டு மைக் கேபிளில் அனுப்புங்கள். பார்ப்பதற்கு ஒன்றாக இருந்தாலும் கிட்டார் கேபிள் வேறு, ஸ்பீக்கர் கேபிள் வேறு. வால்வு ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் பெட்டிக்கு மெல்லிய கிட்டார் கேபிளைப் போட்டால் அது சூடேறி அறும். ஸ்பீக்கர் சுமை இல்லாமல் ஓடும் வால்வு ஆம்பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். பியூஸ் போனால் அதே அளவு பியூஸ்தான். வெள்ளித் தாள் சுற்றி ஓட்டினால் பியூஸ் மிச்சமாகும், ஆம்ப் மிஞ்சாது.

வெயிலைப் பற்றி. மூடிய வண்டிக்குள் வெப்பம் ஒரு மணி நேரத்தில் வெளியே இருப்பதைவிட 20 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். அக்கூஸ்டிக் கிட்டாரில் ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறக்குறைய 70 கிலோ. பசை இளகிய நேரத்தில் அந்த இழுவை பிரிட்ஜைப் பெயர்த்துவிடும், அல்லது மேல்பலகையை உப்பச் செய்யும். வயலினிலும் இதே கதை. மரக் கருவிகளுக்கு உகந்தது 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம். குளிர்ந்த இடத்திலிருந்து புழுக்கமான இடத்துக்குக் கொண்டுவந்தால் பெட்டியை உடனே திறக்காதீர்கள்; அரை மணி முதல் ஒரு மணி நேரம் மூடியபடியே இருக்கட்டும். இல்லையென்றால் மரத்தில் மெருகு வெடிக்கும். கீபோர்டுக்குள்ளும் மிக்சருக்குள்ளும் நீர் கோக்கும், அந்த நிலையில் ஸ்விட்ச் போட்டால் ஷார்ட் ஆகும். தோல் கருவிகள் ஈரக் காற்றில் தளரும், வறண்ட காற்றில் விறைக்கும். மதியம் சேர்த்த சுருதி இரவுக்கு நிற்காது என்று கணக்கு வைத்துக்கொண்டு, மேடை ஏறும் முன் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள்.

காதைப் பற்றிச் சுருக்கமாக. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். டிரம்ஸ் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நிற்பவர் இந்தக் கணக்கை எங்கோ தாண்டிப் போயிருப்பார். எல்லா அலைவரிசையையும் சமமாகக் குறைக்கும் இசைக்கலைஞர் காதடைப்பான்கள் கிடைக்கின்றன. காதில் 'ஙொய்' என்ற ஓசை மறுநாள் காலையிலும் இருந்தால் அது எச்சரிக்கை. போன கேள்விப்புலன் திரும்ப வராது.

இப்போது வண்டி. இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தோம்.

ஏற்றும்போது கனமானவை தரையில், ஓட்டுநர் பக்கத் தடுப்போடு ஒட்டி. ஆம்ப், ஸ்பீக்கர், டிரம்ஸ் ஸ்டாண்ட் பெட்டி இவை முதலில். கிட்டார், கீபோர்டு மேலே. ஒவ்வொரு அடுக்குக்கும் இறுக்கும் பட்டை. கட்டாத 25 கிலோ ஆம்ப், திடீர் பிரேக்கில் இருக்கையைத் தாண்டி வரும். மோதலில் அது தன் எடையைப் போலப் பல மடங்கு விசையோடு முன்சீட்டுக்காரரின் முதுகில் விழும். உட்காரும் இடத்தில் கருவி, கருவி வைக்கும் இடத்தில் ஆள் என்று மாற்றி ஏற்றுவதைக் கண்டால் தயங்காமல் தடுங்கள். பின்பக்கம் சுமை ஏறும்போது டயர் காற்றை முழுச் சுமைக்கு உரிய அளவுக்கு ஏற்ற வேண்டும். அந்த அளவு ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும்.

அடுத்தது தூக்கம். 1997-இல் 'நேச்சர்' இதழில் டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இது: 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. பல நாடுகளில் வண்டி ஓட்டச் சட்டம் வகுத்த எல்லையே அதுதான். 24 மணி நேரம் ஆனால் அது ஏறக்குறைய 0.10. இனி ஒரு கச்சேரி நாளைக் கணக்குப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு எழுந்து, சாமான் ஏற்றி, பயணம் செய்து, இறக்கி, கட்டி, சவுண்ட் செக் முடித்து, வாசித்து இறங்கும்போது இரவு பதினொன்று. பதினேழு மணி நேரம் அங்கேயே முடிந்துவிட்டது. கழற்றி ஏற்றிக் கிளம்ப நள்ளிரவு ஒன்று. ஒரு சொட்டு மது தொடாத ஆள், குடித்தவருக்குச் சமமான நிலையில் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறார். அதுவும் உடம்பு தூக்கத்துக்கு மிக அதிகமாக ஏங்கும் இரண்டு மணி முதல் ஆறு மணி வரையிலான நேரத்தில்.

மேடையிலிருந்து இறங்கியதும் ஒரு விறுவிறுப்பு இருக்கும். 'எனக்குத் தூக்கமே வரவில்லை, நானே ஓட்டுகிறேன்' என்று அந்த விறுவிறுப்புதான் பேசும். முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் அது வடிந்துவிடும். வடியும் இடம் நெடுஞ்சாலையாக இருக்கும், பின்னால் எல்லோரும் தூங்கியிருப்பார்கள், பேச்சுக்கு ஆளிருக்காது. மணிக்கு 80 கிலோமீட்டரில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் போகிறது. கண் நான்கு நொடி சொக்கினால் 90 மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் வண்டியை யாருமே ஓட்டவில்லை.

கண்ணாடியை இறக்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகம் கழுவுவது எல்லாம் சில நிமிடத்துக்கு மேல் தாங்காது. கடைசி இரண்டு கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லாமல் இருப்பது, ஒரே வேகத்தில் போக முடியாமல் ஏறி இறங்குவது, கோட்டைத் தொட்டுத் தொட்டுத் திரும்புவது, இதில் ஒன்று வந்தாலே பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும் என்பதால் இரண்டும் சேர்ந்து உதவும். அதற்கு மேல் தூங்கினால் எழுந்ததும் மந்தம் தட்டும். கால் மணி நேரம் நடந்துவிட்டு ஓட்டுங்கள். இதுவும் ஓரிரு மணி நேரத்துக்குத்தான் கைகொடுக்கும், இரவுத் தூக்கத்துக்கு ஈடில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாறுங்கள். முன்சீட்டில் இருப்பவர் தூங்கக்கூடாது என்பதைக் குழுவின் சட்டமாகவே வையுங்கள். யார் ஓட்டுவது என்பதைக் காலையிலேயே முடிவு செய்து, அவருக்கு மதியம் ஒன்றரை மணி நேரமாவது படுக்க இடம் கொடுங்கள். சாமான் இறக்கும் வேலையில் அவரைச் சேர்க்காதீர்கள். வாடகை வண்டியானால், மாலை முழுவதும் ஓட்டுநர் எங்கே இருந்தார், தூங்கினாரா என்று கேட்பது குழுத் தலைவரின் கடமை. மூன்று மணி நேரம் மேடைக்குப் பின்னால் நின்று கச்சேரி கேட்ட ஓட்டுநர் களைப்பில் உங்களுக்குக் குறைந்தவர் இல்லை.

தங்க நேர்ந்தால் கருவிகளை வண்டியில் விட வேண்டாம். வேறு வழியே இல்லை என்றால் பின்கதவு திறக்க முடியாதபடி வண்டியைச் சுவரோடு ஒட்டிப் பின்னால் நகர்த்தி நிறுத்துங்கள். கருவி ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும், தழும்பு கீறல் உட்பட அதன் படங்களையும் கைபேசிக்கு வெளியே ஓரிடத்தில் சேமித்து வையுங்கள். காப்பீடு எடுக்கும்போது, ஆளில்லாத வண்டியில் இரவில் நடக்கும் திருட்டுக்கு இழப்பீடு உண்டா என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பல பாலிசிகளில் கிடையாது.

விமானப் பயணத்தில் லித்தியம் உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும். 100 வாட்-மணிக் கொள்ளளவுக்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அந்த மரமோ தந்தமோ உள்ள பழைய கருவிக்குச் சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டினால் கருவி பறிபோகும். மற்ற ரோஸ்வுட் வகைகளில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்தது. வயர்லெஸ் மைக்கின் அலைவரிசை ஒரு நாட்டில் சட்டப்படி சரியாகவும் அடுத்த நாட்டில் குற்றமாகவும் இருக்கலாம். புறப்படும் முன் விசாரியுங்கள்.

நிகழ்ச்சி நடத்துபவர்களுக்குச் சில வார்த்தைகள். அட்வான்ஸ், மீதித் தொகை எப்போது, நிகழ்ச்சி ரத்தானால் என்ன என்பவற்றை எல்லோரும் எழுதிக்கொள்கிறார்கள். அதே தாளில் இன்னும் நான்கு வரிகள் சேருங்கள். மேடைக்கு எத்தனை ஆம்பியர், எத்தனை சாக்கெட், எர்த் சோதித்த எலக்ட்ரீஷியன் யார், அவர் நிகழ்ச்சி முடியும் வரை இருப்பாரா என்பது ஒன்று. கூட்டத்தை உள்ளே விடும் முன் குழுவுக்கு மின் சோதனைக்கென்று அரை மணி நேரம் தனியாக, சவுண்ட் செக் நேரத்தில் கழிக்காமல், தருவது இரண்டாவது. மழை வந்தால் யார் சொன்னதும் மின்சாரம் நிறுத்தப்படும் என்று ஒரே ஒருவர் பெயரைக் குறிப்பது மூன்று. பாட்டு முடியட்டும் என்று காத்திருக்கும் அதிகாரம் யாருக்கும் வேண்டாம்.

நான்காவது, படுக்க இடம். இரவு பத்து மணிக்கு மேல் முடியும் நிகழ்ச்சியில், குழுவின் ஊர் இரண்டு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருந்தால், தங்குமிடத்தை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பெரிய அறையெல்லாம் வேண்டாம். பூட்டக்கூடிய ஒரு கூடம், பாய், மின்விசிறி, கருவிகள் அடுக்க ஒரு மூலை போதும். ஓட்டுநருக்கும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
பயணக் கச்சேரிகளில் வாசிக்கும் கலைஞர்கள் சிலர்